நாற்பதில் இரண்டு

வியாபாரிகள் சங்கத் தாள்.
தலைப்பில் எங்கள் தராசுப் படம்.
இரங்கல் தீர்மானத்தை நான்தான் எழுத வேண்டுமாம்,
கையெழுத்து நன்றாயிருக்கிறதாம்.
"முக்கூடல் மக்களின் நெஞ்சில் நீங்காத" என்று தொடங்கி
அடித்துவிட்டேன்.
எந்த மக்கள், எத்தனை பேர் என்று
ஓரத்தில் சிவப்பு மையால் கேட்பார்
தவசுக்கனி டீச்சர்.

அவர் என் பீடிக்கடைக்கு முதலில் வந்தது
ஒரு சனிக்கிழமை, சம்பள நாள்.
சுளகோடு நின்ற பெண்களுக்கு நடுவே
குடையை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.
நாற்காலி போடச் சொன்னேன். உட்காரவில்லை.
ஆயிரம் பீடி, நாற்பது கட்டு.
இரண்டைக் கழித்துக் கூடையில் எறிந்தேன்.
அடுத்தவளுக்கும் இரண்டு. அதற்கடுத்தவளுக்கும்.
ஆறு பேர் முடியும்வரை பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போனார்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக் கரும்பலகையில்
நாற்பதில் இரண்டு எத்தனை சதவீதம்?
செவ்வாய்க்கிழமை,
கழித்த பீடி கூடையிலிருந்து எங்கே போகிறது?
புதன் இரவு
சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்
என் மகள் சுடலைவடிவு:
"யப்பா, கழிச்ச பீடிய நாம விக்கோமா?"

முப்பத்தொரு வருஷமாகிறது.
குழம்பு ஆறிப்போனது நினைவிருக்கிறது,
பதில் சொன்னது நினைவில்லை.
அவள் இப்போது கூட்டுறவுத் தணிக்கைத் துறையில்.
தீபாவளிக்கு வந்தாலும்
என் பேரேட்டுப் பக்கம் திரும்புவதில்லை.
அது மரியாதைதானா என்று
இன்னும் நான் கேட்கவில்லை.

பெண்கள் கழிவுக் கட்டைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்தேன்.
நல்லவன் என்பதால் இல்லை,
எதிர்க்கடைக்காரன் கொடுத்துவிட்டான்.

அப்புறம் கயிறு.
எந்தத் தெருப் பையன் என்று
மணிக்கட்டின் நிறமே சொல்லிவிடும் காலம்.
பள்ளி வாசலில் பிஸ்கட் டப்பாவோடு நிற்பார்.
வெட்டமாட்டார், வையமாட்டார்.
"இதுல போட்டுட்டுப் போ. சாயங்காலம் வாங்கிக்க."
சாயங்காலம் திருப்பியும் கொடுப்பார்,
பெயர் எழுதிய துண்டுச்சீட்டோடு.
வாங்க மறந்தவர்கள் பலர்.
கடைசிப் பரீட்சை நாள்வரை
கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு,
என் தம்பி மகன் அதில் ஒருவன்.
இதைத் தீர்மானத்தில் எழுதலாமா?
சங்கத்தில் எல்லாத் தெருவும் இருக்கிறோமே.
எழுதினேன். அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ஏழாவது வார்டில் என்னைத் தோற்கடித்தது
பதினோரு ஓட்டில்.
சந்தையை ஆற்றுப்பக்கம் மாற்றியது தப்பு,
அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.
செத்துவிட்டார் என்பதற்காகச்
சந்தை நகர்ந்துவிடாது.

மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி
சந்தையைத் தின்று தெருவுக்குள் வந்தபோது
எழுபத்திரண்டு வயதில்
பள்ளிச் சாவியோடு படியில் நின்றவர் அவர்.
ஒரே அண்டா, ஒரே வரிசை.
முணுமுணுத்தவர்களுக்கும் அதே கரண்டி.
என் கிட்டங்கியிலிருந்து ஏழு மூடை அரிசி எடுத்தார்,
நனைந்த தாளில் பென்சிலால் ரசீது எழுதித் தந்தார்.
பங்குனியில் பணம் வந்தது, ரூபாய் குறையாமல்.
வேண்டாம் என்றேன்.
"தானம்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும், அண்ணாச்சி."

நேற்றுக் கூட்டத்தில் வாசித்தேன்.
இரண்டு நிமிட மௌனம் என்றார் தலைவர்.
எங்கள் ஊரில் இரண்டு நிமிடம் என்பது
நாற்பது விநாடி.
ஒருவர் செருமினார், நாற்காலிகள் கிறீச்சிட்டன,
எல்லோரும் உட்கார்ந்தாயிற்று.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நான் நின்றேன்.
திரும்பினால், பின்வரிசையில்
என் கடைக்குப் பீடி சுற்றிய பெண்கள்
ஒருத்தியும் உட்காரவில்லை.
உதடுகள் அசைந்தன.
பிரார்த்தனை என்று நினைத்தேன்.
எண்ணிக்கொண்டிருந்தார்கள்.